நீலக் கைகள்: ஜூலி டேஷ் யாருக்காகப் படம் எடுத்தார்?

88 வயதுக் கிழவி ஒருத்தியின் கைகள். உள்ளங்கை, விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் நீலம் பாரித்துக் கிடக்கிறது, தோலோடு தோலாக ஊறிப்போன மாதிரி. அமெரிக்கக் கறுப்பினப் பெண் இயக்குநர் ஜூலி டேஷ் எடுத்த ‘டாட்டர்ஸ் ஆஃப் தி டஸ்ட்’ படத்தை முதல் தடவை பார்த்தபோது, இந்தக் கை ஏன் இப்படி இருக்கிறது என்று யாராவது நம்மை உட்காரவைத்து விளக்குவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன். சாயத் தொட்டிகள் நடுவில் மின்னல் மாதிரி வந்து போயின, அவ்வளவுதான். பேச்சு பாதிதான் புரிந்தது, யாருக்கு யார் என்ன உறவு என்பதும் பிடிபடவில்லை, அரை மணி நேரத்தில் மடிக்கணினியை மூடிவிட்டுப் படுத்துவிட்டேன். மறுபடி அதைத் திறக்க இரண்டு வருடம் ஆனது. இந்தப் படத்தைப் பற்றி எழுத உட்காரும்போது அந்த அரை மணி நேரத்தை மறைக்கக் கூடாது என்று நினைக்கிறேன், ஏனென்றால் அந்தக் குழப்பம் தற்செயலாக வந்ததல்ல.

முதலில் நீலம். அமெரிக்காவின் தெற்குக் கரோலைனா கடற்கரையில் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் அவுரி பெரிய பணப்பயிர். ஆமாம், நம்மூர் அவுரிதான், அந்தச் செடியின் குடும்பம். இலையை அறுத்துத் தொட்டியில் ஊறப்போட்டு, புளிக்கவிட்டு, அடித்துக் கலக்கி, அடியில் தங்கும் கசடை எடுத்துக் காயவைத்துக் கட்டியாக்க வேண்டும். நாற்றம் குடலைப் பிடுங்கும், ஈ மொய்க்கும். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளின் தலையில்தான் இந்த வேலை விழுந்தது. அமெரிக்கா சுதந்திரம் வாங்கி, பிரிட்டன் கொடுத்துவந்த மானியம் நின்றதும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது, பருத்தி அந்த இடத்தைப் பிடித்தது. இப்போது கணக்குப் போடுங்கள். படத்தின் கதை நடப்பது 1902இல். நானா பீஸண்ட் என்ற அந்தக் கிழவி பிறந்தது 1814 வாக்கில். அடிமை முறை ஒழிந்தே 37 வருடம் ஆகிவிட்டது. சாயம் அத்தனை காலம் கையில் நிற்காது, அவள் காலத்தில் அவுரியே பெரிதாக இல்லை.

டேஷுக்கும் இது தெரியும். தெரிந்தேதான் செய்தார். அடிமைத்தனம் என்றதும் திரையில் என்ன வரும் என்று யோசித்துப் பாருங்கள்: சாட்டை, முதுகில் தழும்பு, காலில் சங்கிலி. அந்தத் தழும்பை எத்தனையோ படங்களில் பார்த்துப் பழகி, பார்ப்பவர்களுக்கு உறைப்பதே நின்றுவிட்டது. அதனால் புதிதாக ஒரு அடையாளம் வேண்டும் என்று நினைத்தார், கிடைத்தது நீலம். அடித்தவனைக் காட்டும் தழும்புக்குப் பதிலாக, உழைத்தவளைக் காட்டும் கறை. வரலாற்றுக்குப் பொருந்தாதுதான், ஆனால் எனக்கு இதில் குறை சொல்லத் தோன்றவில்லை.

டேஷ் பிறந்தது 1952இல், நியூயார்க்கில். வளர்ந்தது குயின்ஸ்பிரிட்ஜ் என்ற பெரிய அரசுக் குடியிருப்பில். அப்பா வழிக் குடும்பம் கல்லா மக்கள். (கடையில் காசு போடும் கல்லா ஞாபகத்துக்கு வரும், வேறு வழியில்லை, உச்சரிப்பு அப்படித்தான்.) தெற்குக் கரோலைனா, ஜார்ஜியா கடலோரத் தீவுகளில் நெல்லும் பருத்தியும் விளைவிக்கக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். தீவு என்பதால் வெள்ளைக்காரர்களின் நடமாட்டம் குறைவு, அதனால் ஆப்பிரிக்கச் சொற்கள், சமையல், கூடை முடைவது, பெயர் வைப்பது எல்லாம் மற்ற இடங்களைவிட இங்கே கூடுதலாகத் தங்கிவிட்டன. இவர்கள் பேசுவது ஆங்கிலச் சொற்களும் மேற்கு ஆப்பிரிக்க மொழிகளின் அமைப்பும் கலந்த ஒரு தனி மொழி. படத்தில் வரும் விருந்துச் சாப்பாட்டில் கம்போ என்ற குழம்பு உண்டு. அந்தப் பெயரே வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

நியூயார்க்கில் சினிமா படித்துவிட்டு டேஷ் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போனார், அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டிலும் அப்புறம் கலிபோர்னியா பல்கலைக்கழகத்திலும் படித்தார். 1965இல் அந்த ஊரில் கறுப்பின மக்கள் வாழ்ந்த வாட்ஸ் பகுதியில் நடந்த கலவரத்துக்குப் பிறகு பல்கலைக்கழகம் கறுப்பின மாணவர்களுக்குக் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டிருந்தது. சார்ல்ஸ் பர்னெட், ஹைலே கெரிமா, பில்லி வுட்பெரி, ஆலிலி ஷரோன் லார்கின், பார்பரா மெக்கல்லா என்று ஒரு கூட்டமே அங்கே இருந்தது. ஹாலிவுட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு ஹாலிவுட் மாதிரி எடுக்க மாட்டோம் என்று ஒருவர் படத்துக்கு இன்னொருவர் கேமரா பிடித்தும் ஒலி வாங்கியும் வேலை செய்தவர்கள். எல்.ஏ. ரெபெலியன், அதாவது லாஸ் ஏஞ்சல்ஸ் கலகம், என்ற பெயர் பின்னால் ஒரு விமர்சகர் வைத்தது, அவர்களாக வைத்துக்கொண்டதில்லை.

டேஷின் முழுநீளப் படத்துக்கு முன்னால் அவர் எடுத்த ‘இல்யூஷன்ஸ்’ பற்றிச் சொல்லியாக வேண்டும். 1982இல் வந்த, 34 நிமிடம் ஓடும் கறுப்பு வெள்ளைப் படம். கதை நடப்பது 1942இல், ஒரு ஹாலிவுட் ஸ்டுடியோவில். மிக்னான் டுப்ரீ அங்கே பெரிய பொறுப்பில் இருக்கும் பெண். கறுப்பினத்தவள், ஆனால் தோல் வெளுப்பு, அதனால் எல்லோரும் வெள்ளைக்காரி என்று நினைத்துக்கொள்கிறார்கள், அவளும் மறுப்பதில்லை. ஒரு பாட்டுக் காட்சியில் வெள்ளைக்கார நடிகையின் வாயசைப்பும் ஒலியும் ஒட்டாமல் போய்விட, அதைச் சரிசெய்ய எஸ்டர் ஜீட்டர் என்ற கறுப்பினப் பாடகியைக் கூப்பிடுகிறார்கள். பின்னணிப் பாட்டில் ஊறிய நமக்கு இந்தக் காட்சி சட்டென்று புரியும், ஆனால் இங்கே எல்லாம் தலைகீழ். நம்மூரில் பாட்டு முதலில், வாயசைப்பு அப்புறம். எஸ்டரோ ஏற்கெனவே எடுத்து முடித்த நடிகையின் உதட்டைப் பார்த்துப் பார்த்துப் பாட வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர்கள், திரையில் பளபளக்கும் நடிகை, இருட்டில் மைக் முன்னால் எஸ்டர். அவள் முகம் பாடும்போது மலர்கிறது, குரல் போய் ஒட்டிக்கொள்வதோ இன்னொருத்தி வாயில்.

இதில் இன்னொரு அடுக்கும் இருக்கிறது. எஸ்டராக நடித்த ரோசன் கேட்டன் அந்தப் பாட்டைப் பாடவில்லை. நமக்குக் கேட்பது ‘எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட்’ என்ற புகழ்பெற்ற ஜாஸ் பாடகியின் குரல். குரல் திருட்டைக் காட்டும் காட்சியே இரவல் குரலில் நடக்கிறது! சினிமாவில் பார்க்கிற எதையும் அப்படியே நம்பாதே என்று டேஷ் நமுட்டுச் சிரிப்போடு சொல்கிற மாதிரி எனக்குத் தோன்றும். இந்த மாதிரிக் குரல் கொடுத்துவிட்டுப் பெயர் இல்லாமல் போன கறுப்பினப் பெண்கள் ஒரு பக்கம். முகம் காட்டக் கிடைத்தால் வேலைக்காரி வேடம் என்பது இன்னொரு பக்கம். ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர் ஹாட்டி மெக்டானியல், 1940இல், அதுவும் வேலைக்காரி வேடத்துக்கு. விருது விழாவில் சக நடிகர்களோடு உட்கார அவருக்கு இடம் இல்லை, ஓரமாக ஒரு தனி மேசை.

இந்தப் பின்னணியில்தான் ‘டாட்டர்ஸ் ஆஃப் தி டஸ்ட்’. 1975இலேயே மனசில் விழுந்த விதை, முதலில் வசனமே இல்லாத குறும்படமாகத்தான் யோசித்திருக்கிறார். படமாகி வெளியே வந்தது 1991இல். கதையைச் சொல்வதென்றால் இரண்டு வரி போதும்: கடலோரத் தீவில் வாழும் பீஸண்ட் குடும்பம் நாளைக்கு வடக்கே குடிபெயரப் போகிறது, அதற்கு முந்தின நாள் எல்லோரும் கடற்கரையில் கூடிச் சாப்பிடுகிறார்கள். நானா மட்டும் வரமாட்டேன் என்கிறாள். அவ்வளவுதான் கதை. ஆனால் அந்த ஒரு நாளுக்குள் கியூபாவிலிருந்து திரும்பிவந்த, ‘கெட்டுப்போனவள்’ என்று சொந்தக்காரப் பெண்களே வாய்க்கு வாய் பேசும் யெல்லோ மேரி, பைபிளைக் கட்டிக்கொண்டு அலையும் வயோலா, பழசு எல்லாம் வேண்டாம் என்று வெடிக்கும் மருமகள் ஹாகர், தொழுகை செய்யும் பிலால் முகம்மது, செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடி இளைஞன் ஒருவன், படம் பிடிக்க வந்த ஸ்நீட் என்று ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம். கதை சொல்வதோ இன்னும் பிறக்காத ஒரு குழந்தை. அம்மா யூலாவின் வயிற்றில் இருக்கும்போதே கடற்கரையில் ஓடியாடுகிறது. ஸ்நீட் ஆண்களை வரிசையாக நிறுத்திக் கேமராவுக்குள் கண்ணை வைத்துப் பார்க்கும்போது, அந்த வரிசையில் இந்தக் குழந்தையும் நிற்கிறது. நிமிர்ந்து பார்த்தால் அங்கே இல்லை.

குழப்பத்துக்குக் காரணம் இப்போது தெரிந்திருக்கும். ஒரு நாயகன், ஒரு சிக்கல், ஒரு முடிவு என்று டேஷ் கதையைக் கட்டவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் குலத்தின் கதையை வாயால் சொல்லிக் காப்பவர்கள் உண்டு, அவர்கள் நாள்கணக்கில், முன்னும் பின்னும் போய், நடுவில் நிறுத்தி, வேறொன்றைச் சொல்லித் திரும்பி வருவார்கள். அந்த நடைதான் தனக்கு முன்மாதிரி என்று டேஷ் சொல்லியிருக்கிறார். நம் வீட்டுப் பாட்டி ஒருத்தி, அந்தக் காலத்தில் என்று ஆரம்பித்தால் கதை எங்கெங்கே போகும் என்று தெரிந்தவர்களுக்கு இது அவ்வளவு அந்நியமாகவும் இருக்கக் கூடாது, எனக்கு என்னவோ இருந்தது. கல்லா பேச்சு அப்படியே வருகிறது, அடியில் எழுத்து ஓடாது. இந்தப் பெண்களுக்கு முன்னால் ஒரு வெளியாளைக் கூட்டிவந்து அவனுக்கு எல்லாவற்றையும் எடுத்துச் சொல்கிற வழக்கமான ஏற்பாடும் இல்லை. ஸ்நீட் அந்த இடத்துக்கு வந்த ஆள்தான், ஆனால் அவனையே யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. வெள்ளைக்காரக் கதாபாத்திரம் என்று சொல்லும்படி ஒருவரும் கிடையாது. தன் படம் முதலில் கறுப்பினப் பெண்களுக்கு, அப்புறம் கறுப்பின மக்களுக்கு, மற்றவர்கள் அதற்குப் பிறகு என்று டேஷ் ஒளிவுமறைவில்லாமல் சொன்னவர். நான் அந்த வரிசையில் கடைசி ஆள். எனக்குப் புரிய நேரம் பிடித்ததில் நியாயம் இருக்கிறது.

யூலாவின் விஷயத்தைப் பாருங்கள். அவளை ஒரு வெள்ளைக்காரன் பலாத்காரம் செய்திருக்கிறான். யார் என்று புருஷன் ஈலை கேட்கிறான், அவள் வாய் திறக்கவில்லை. சொன்னால் இவன் போய்ச் சண்டை போடுவான், இவனை மரத்தில் தொங்கவிட்டுவிடுவார்கள். வயிற்றில் இருப்பது யார் குழந்தை என்று அவன் தனக்குள் வெந்துகொண்டிருக்கிறான். இந்த இடத்தில் வேறு எந்த இயக்குநரும் அந்தக் கொடுமையை ஒரு காட்சியாக வைத்திருப்பார், பார்வையாளருக்குக் கோபம் வர வேண்டுமே என்று. டேஷ் ஒரு நொடிகூடக் காட்டவில்லை. அதற்குப் பதிலாகக் கடைசியில் யூலா எழுந்து நின்று மற்ற பெண்களைப் பார்த்துப் பேசுகிறாள், யெல்லோ மேரியைக் கெட்டுப்போனவள் என்கிறீர்களே, அப்படியென்றால் நானும் யார், நம் அம்மாக்கள் யார் என்று. படத்தில் எனக்குத் தொண்டை அடைத்த இடம் அதுதான்.

அடுத்து, இபோ இறங்குதுறை. 1803இல் ஜார்ஜியாவின் செயின்ட் சைமன்ஸ் தீவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட இபோ என்ற மேற்கு ஆப்பிரிக்க மக்கள், கரையில் கால் வைத்ததும் திரும்பித் தண்ணீருக்குள் நடந்துபோனார்கள். மூழ்கிச் செத்தார்கள் என்பது பதிவு. தண்ணீர் மேல் நடந்து ஆப்பிரிக்காவுக்கே போய்விட்டார்கள், பறந்துபோனார்கள் என்பது தீவுகளில் தலைமுறையாக நடமாடும் கதை. எங்கள் தீவில்தான் அது நடந்தது என்று ஒவ்வொரு தீவும் சொல்லிக்கொள்ளுமாம். டேஷ் இரண்டையும் வைத்துக்கொண்டார். யூலா அந்தக் கதையைச் சொல்லச் சொல்ல ஈலை நிஜமாகவே தண்ணீர் மேல் நடக்கிறான். பிறகு பிலால் ஸ்நீடிடம், நான் அங்கே இருந்தேன், போனவர்கள் ஒருவரும் மேலே வரவில்லை, தண்ணீர் மேல் யாராலும் நடக்க முடியாது என்று நிதானமாகச் சொல்கிறார். எது உண்மை என்று படம் தீர்ப்புச் சொல்வதில்லை.

இதையெல்லாம் படமாக்கிய விதம் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். ஒளிப்பதிவு ஆர்தர் ஜாஃபா. பெரும்பாலும் வெயில் வெளிச்சம்தான். வண்ண பிலிம் வெளுத்த தோலை அளவாக வைத்து உருவாக்கப்பட்டது, லேபில் நிறம் சரிபார்க்கக் கோடாக் கொடுத்த அட்டையில் பல வருடம் ஒரு வெள்ளைக்காரப் பெண்தான் இருந்தார், அதற்கு ஷர்லி அட்டை என்றே பெயர். கறுப்பு முகங்கள் அதில் கண்ணும் பல்லும் மட்டும் தெரிகிற மாதிரி விழும். கம்பெனி பழுப்பு நிறங்களைக் கவனிக்க ஆரம்பித்தது சாக்லேட்காரர்களும் மரச்சாமான்காரர்களும் எங்கள் சரக்கு படத்தில் சரியாக வரவில்லை என்று புகார் செய்த பிறகுதான் என்பார்கள். டேஷ் கோடாக்கை விட்டுவிட்டு ஆக்ஃபா பிலிமை எடுத்தார், கறுப்புத் தோல் அதில் நன்றாக வருகிறது என்று. பலன் திரையில் தெரிகிறது. ஒரே சட்டகத்தில் பத்துப் பெண்கள், பத்துப் பேர் நிறமும் வேறு வேறு, வெள்ளை உடுப்பு, கஞ்சி போட்ட விறைப்பு, பின்னால் மணல். முடி வாரிப் பின்னியிருப்பதில்கூட மேற்கு ஆப்பிரிக்கப் பாணிகளைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். கந்தல் கட்டியிருக்க வேண்டாமா என்று கேட்டவர்கள் உண்டு. குடும்பமே கூடும் கடைசி நாள், இருப்பதில் நல்லதைத்தானே போடுவார்கள்?

கலை இயக்கம் கெரி ஜேம்ஸ் மார்ஷல், இன்று உலகப் புகழ்பெற்ற ஓவியர். நடிகர்களிலும் ஒரு சங்கதி உண்டு: நானாவாக வரும் கோரா லீ டே, யெல்லோ மேரியாக வரும் பார்பரா ஓ, ஹாகராக வரும் கேசி மூர் எல்லாம் அந்த லாஸ் ஏஞ்சல்ஸ் கூட்டத்தின் படங்களில் கூலி பெரிதாக இல்லாமல் நடித்துக்கொடுத்தவர்கள். பிரபலமான முகங்களை விட்டு இவர்களையே டேஷ் பிடித்துக்கொண்டார்.

மொத்தச் செலவு சுமார் 8 லட்சம் டாலர், பெரும்பகுதி பொதுத் தொலைக்காட்சியின் அமெரிக்கன் பிளேஹவுஸ் கொடுத்தது. 1991 சன்டான்ஸ் திரைப்பட விழாவில் ஒளிப்பதிவுக்கு விருது. அந்த வருடம் கறுப்பின இயக்குநர்களுக்கு நல்ல காலம் என்று பத்திரிகைகள் எழுதின, ‘பாய்ஸ் என் தி ஹூட்’, ‘நியூ ஜாக் சிட்டி’ எல்லாம் வந்த வருடம். இயக்கியவர்கள் ஆண்கள், கதை நகரத்துத் தெருவும் துப்பாக்கியும். டேஷின் படத்தைப் பார்த்த விநியோகஸ்தர்களுக்கு இது கறுப்பினப் படம் மாதிரியே தெரியவில்லையாம், இதற்குக் கூட்டம் வராது என்றார்கள். கடைசியில் கினோ என்ற சிறிய நிறுவனம் எடுத்து 1992 ஜனவரியில் நியூயார்க்கின் ஃபிலிம் ஃபோரம் தியேட்டரில் போட்டது. கறுப்பினப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், சர்ச்சிலும் வேலையிடத்திலும் ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்லி, காட்சிகள் நிரம்பின. சுமார் 16 லட்சம் டாலர் வசூல். ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் இயக்கிய முழுநீளப் படம் நாடு முழுக்கத் தியேட்டருக்குப் போனது அதுதான் முதல் தடவை.

இது கொண்டாட வேண்டிய செய்தியா, வெட்கப்பட வேண்டிய செய்தியா என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் குழப்பம். 1992 வரைக்கும் ஒருத்திக்குக்கூடக் கிடைக்கவில்லை என்றால் அதற்கு முன்னால் எடுத்தவர்கள் என்ன ஆனார்கள்? காத்லீன் காலின்ஸ் 1982இலேயே ‘லூசிங் கிரவுண்ட்’ எடுத்தார், தத்துவப் பேராசிரியையான ஒரு கறுப்பினப் பெண்ணின் கதை. அதற்குத் தியேட்டரே கிடைக்கவில்லை. காலின்ஸ் 1988இல், 46 வயதில் இறந்தார். அவர் மகள் மீட்டெடுத்துக் கொடுத்து, 2015இல்தான் படம் முறையாக ரிலீஸானது. ஷெரில் டுன்யே இன்னும் ஒரு படி போனார். பழைய ஹாலிவுட்டில் வேலைக்காரி வேடம் போட்ட ஒரு கறுப்பின நடிகையைத் தேடிப் போகும் பெண்ணாக 1996இல் ‘தி வாட்டர்மெலன் வுமன்’ படத்தில் தானே நடித்தார். பழைய புகைப்படங்கள், படத்துணுக்குகள், பேட்டிகள் என்று எல்லாம் வரும். முடிவில் ஒரு அட்டை போடுகிறார், அந்த நடிகையே கற்பனை என்று. ஆவணக் காப்பகத்தில் இல்லாத பாட்டியை உண்டாக்கிக்கொள்ள வேண்டியதுதான் என்ற கட்சி.

சரி, கூட்டம் வரும் என்று நிரூபித்த டேஷுக்கு அடுத்து என்ன கிடைத்தது? தொலைக்காட்சி. 2002இல் ஆஞ்செலா பாஸெட் நடித்த, கறுப்பின உரிமைப் போராளி ரோசா பார்க்ஸ் பற்றிய படம் அவர் இயக்கியதுதான், நல்ல பெயர் வாங்கியது. ஆனால் தியேட்டருக்கென்று இன்னொரு கதைப்படம் எடுக்க ஹாலிவுட் பணம் போடவில்லை. இதே வருடங்களில் முதல் படம் ஓடாத பையன்களுக்கு இரண்டாவது, மூன்றாவது படம் எல்லாம் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது.

2016 ஏப்ரலில் பாடகி பியான்சேயின் ‘லெமனேட்’ என்ற காணொளி ஆல்பம் வந்தது. வெள்ளை உடுப்பில் கறுப்பினப் பெண்கள், கடலோர மரங்கள், தண்ணீருக்குள் நடக்கும் வரிசை. பார்த்தவர்கள் உடனே இது எங்கிருந்து வந்தது என்று தேடினார்கள். அதே வருட நவம்பரில் டேஷின் படம் புதுப்பிக்கப்பட்டு மறுபடி தியேட்டருக்கு வந்தது. 2022இல் சைட் அண்ட் சவுண்ட் என்ற பிரிட்டிஷ் சினிமாப் பத்திரிகை விமர்சகர்களிடம் எடுத்த வாக்கெடுப்பில் எக்காலத்துக்குமான படங்களில் 60ஆவது இடம், பகிர்ந்துகொண்டதுதான். அன்று கூட்டம் வராது என்று சொன்னவர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்தார்களா தெரியாது.

பார்க்க நினைப்பவர்களுக்கு: ‘இல்யூஷன்ஸ்’ஸை முதலில் பாருங்கள், அரை மணி நேரம்தான். அப்புறம் பெரிய படம். உறவுமுறையைக் கணக்குப் பண்ணிக்கொண்டு உட்காராதீர்கள், ஒரு பெரிய வீட்டு விசேஷத்துக்குத் தாமதமாகப் போய் ஓரமாக உட்கார்ந்த மாதிரி பாருங்கள், மெதுவாகப் பிடிபடும். முடியப்போகும் நேரத்தில் நானா தன் தகரப் பெட்டியைத் திறக்கிறாள். அடிமையாக இன்னொரு இடத்துக்கு விற்கப்பட்டுப் போகும் முன் அவள் அம்மா நறுக்கிக் கொடுத்துவிட்டுப் போன முடிக்கற்றை அதில் இருக்கிறது. அதோடு தன் முடியையும் சேர்த்து முடிந்து, தாயத்து மாதிரி ஒன்றாக்கி, வயோலாவின் பைபிளோடு சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொள்கிறாள். போகிறவர்கள் ஒவ்வொருவராக வந்து குனிந்து முத்தமிட வேண்டும். வயோலா தயங்கித் தயங்கி வருகிறாள். ஹாகர் வரவே மாட்டேன் என்று திரும்பிப் போய்விடுகிறாள், அவளை யாரும் இழுத்துப் பிடிக்கவில்லை.